செம்மண்ணில் பெய்த மழை: குறுந்தொகை நாற்பதாம் பாட்டு, ஒரு பாடம்



கலியாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்களில் பலர் இப்பொழுதெல்லாம் அதன் தலைப்பிலே ஒரு பழந்தமிழ்ப் பாட்டை அச்சிட்டுக் கொண்டுவருகிறார்கள். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் போல இரண்டு நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும் பாட்டு அது. குறுந்தொகையிலே நாற்பதாவது. "நல்ல பாட்டு" என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். எதனால் நல்ல பாட்டு என்று கேட்டால், "உவமை அழகாயிருக்கிறது, சுவாமி" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். உவமை அழகானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த உவமைக்கு முன்னே மூன்று அடிகள் நிற்கின்றன. அவற்றைக் கவனியாமல் உவமையை மட்டும் எடுத்துக்கொள்ளுவது, கேள்வியைக் கேளாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்வதற்கு ஒப்பாகும்.

ஆகையால் இந்த வாரம் இந்தச் சிறு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் யாப்பு எது, சொற்கள் எப்படி அமைந்திருக்கின்றன, உவமை எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாகக் கற்போம். பாட்டை இங்கே அச்சிடவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலோ, நூலகத்திலுள்ள குறுந்தொகையிலோ அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்க வேண்டுகிறேன்.

பங்குச் சுவாமியாருக்கு யாப்பிலக்கணத்தில் என்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். வீரமாமுனிவர் 1730-இல் தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலை எழுதி, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் அதில் வகுத்துச் சொன்னார். இத்தாலியில் பிறந்தவர் அவ்வளவு பாடுபட்டுக் கற்ற ஒன்றை, தமிழைத் தாய்ப்பாலோடு பருகிய நாம் ஒரு பொழுது உட்கார்ந்து கற்பது பெரிய காரியமன்று.

1. பாட்டும் அதன் சூழலும்

குறுந்தொகை எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள் உடையது. பெரும்பாலும் நான்கு அடி முதல் எட்டு அடி வரையுள்ள குறும்பாட்டுகள். ஆதலால் இந்தப் பெயர். உ.வே. சாமிநாதையர் 1937-இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு இன்றும் நமக்கு வழிகாட்டியாக விளங்குகிறது.

நாற்பதாம் பாட்டின் ஆசிரியர் பெயர் செம்புலப்பெயல்நீரார். இது பெற்றோர் இட்ட பெயரன்று. பாட்டிலுள்ள உவமையைக் கொண்டே பின்னோர் அவருக்கு இட்ட பெயர். இப்படிப் பெயர்பெற்ற புலவர்கள் குறுந்தொகையில் இன்னும் சிலர் உண்டு. அடுத்த பாட்டாகிய நாற்பத்தொன்றைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார் என்பாரும் உளர். தம் பெயர் அழிந்து, தாம் சொன்ன ஒரு நல்ல சொல் தமக்குப் பெயராக நிற்பது எவ்வளவு பெரிய பேறு!

பாட்டைப் பேசுகிறவன் தலைவன். கேட்கிறவள் தலைவி. இருவரும் பெற்றோர் அறியாமல் மலைச்சாரலிலே சந்தித்து அன்பு கொண்டவர்கள். இதனை நம் முன்னோர் களவு என்றார்கள். சந்தித்த பின் தலைவியின் முகத்திலே ஒரு மாறுதல். "இவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ" என்ற அச்சம். அவள் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவன் அந்தக் குறிப்பை அறிந்து மறுமொழி சொல்லுகிறான். பாட்டின் கீழுள்ள பழைய கருத்துரை இதைத்தான் கூறுகிறது. இதனை மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இது மகிழ்ச்சியிலே பாடிய பாட்டன்று. அஞ்சி நிற்கும் ஒரு பெண்ணுக்குச் சொன்ன பதில்.

திணை குறிஞ்சி. ஆயினும் இப்பாட்டிலே மலையின் பெயர் இல்லை, அருவி இல்லை, தினைப்புனம் இல்லை. தலைவன் பெயரும் தலைவி பெயரும் இல்லை. அகப்பாட்டிலே இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் விதித்த முறை. பெயர் இல்லாததால் யாரும் அந்தப் பாட்டுக்குள்ளே நுழைந்து நிற்கலாம். எஞ்சியிருப்பவை இரண்டு மனிதர், மழை, மண். தனிநாயகம் அடிகளார் தம் ஆங்கில நூலிலே சங்கப் பாட்டின் இயற்கையை விரிவாய் ஆராய்ந்து, அது மனித உணர்ச்சிக்குத் துணையாய் நிற்பதை எடுத்துக்காட்டினார். இந்த மழை அதற்குச் சிறந்த உதாரணம்.

2. யாப்பு

பாட்டு ஐந்து அடி. முதல் மூன்று அடிகளும் ஐந்தாம் அடியும் நான்கு நான்கு சீர் உடையவை. நான்காம் அடி, அதாவது ஈற்றடிக்கு முந்திய அடி, மூன்று சீர் உடையது. இப்படி ஈற்றயலடி முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பா. மொத்தம் 19 சீர்.

சீர்களை அலகிட்டுப் பாருங்கள். பத்தொன்பதும் ஈரசைச் சீர்களே. தேமா எட்டு, கூவிளம் ஏழு, புளிமா நான்கு. காய்ச்சீர் ஒன்றுமில்லை, கனிச்சீரும் இல்லை. நீண்ட சீர்கள் வந்தால் ஓசை துள்ளும், அல்லது பெருகி ஓடும். இங்கே அப்படியில்லை. இருவர் எதிரெதிரே நின்று தணிந்த குரலில் பேசுகிற ஓசைதான் கேட்கிறது. ஆசிரியப்பாவின் ஓசையை அகவல் ஓசை என்பர். பேச்சுக்கு மிகவும் அருகிலுள்ள ஓசை அது.

நான்காம் அடியில் ஒரு சீர் குறைந்தது வெறும் விதிக்காக மட்டுமன்று. உவமை முழுவதும் இந்தக் குறுகிய அடியிலேதான் அடங்கியிருக்கிறது. "போல" என்ற சொல்லோடு அடி முடிந்துவிடுகிறது. எது போல என்று தெரிந்தது. எது அப்படி ஆயிற்று என்று இன்னும் தெரியவில்லை. நான்காம் சீர் வரவேண்டிய இடத்திலே காது ஒரு கணம் காத்து நிற்கிறது. பிறகே கடைசி அடி வருகிறது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அந்த நிறுத்தம் உங்களுக்கே விளங்கும்.

3. மூன்று கேள்விகள்

முதல் மூன்று அடிகளும் கேள்விகள். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தகப்பனும் உன் தகப்பனும் எந்த முறையில் உறவினர்? நானும் நீயும் ஒருவரையொருவர் எப்படி அறிந்தோம்? இதுவே அவற்றின் கருத்து.

இம்மூன்றும் ஒரே அச்சிலே வார்த்தவை போல அமைந்திருப்பதைக் கவனிக்கவும். ஒவ்வோர் அடியிலும் முதலிரண்டு சீர்கள் இருவரைச் சொல்லுகின்றன. மூன்றாம் சீரில் கேள்விச்சொல் வருகிறது. யார், எந்த முறை, எந்த வழி. இவ்வாறு ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும்போது, கேட்கிறவள் மனம் அடுத்த கேள்விக்கு ஆயத்தமாகிறது. ஆனால் பொருள் ஒன்றேயாக நிற்கவில்லை; படிப்படியாக நெருங்கி வருகிறது. முதலில் தாய்மார், பிறகு தகப்பன்மார், கடைசியில் இவர்கள் இருவருமே.

மனிதர் ஒருவரோடொருவர் உறவாவதற்கு உலகத்தில் உள்ள வழிகள் எவை? பிறப்பினால் உறவாகலாம். பெரியோர் கொண்டுகொடுத்த முறையினால் உறவாகலாம். அதுவும் இல்லையேல் அண்டை அயலாய்ப் பழகி அறிமுகமாகலாம். தலைவன் இந்த மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாய்த் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டுகிறான். நாம் எதிர்பார்ப்பதோ வேறு. அஞ்சுகிற பெண்ணைத் தேற்ற வேண்டுமானால், "நாம் ஏதோ ஒரு வழியில் உறவுதான்" என்றல்லவா சொல்ல வேண்டும்? இவன் மாறாக, நமக்குள் ஓர் உறவும் இல்லை என்பதையே முதலில் நிலைநாட்டுகிறான். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

4. சொல்லின் நுட்பம்

இந்த அடிகளிலுள்ள உறவுப் பெயர்கள் இன்று வழக்கில் இல்லை. யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். அப்படியே எந்தை, என் தந்தை. நுந்தை, உன் தந்தை. பழந்தமிழிலே தாய், தந்தை என்ற சொற்கள்கூட அவனுடைய அல்லது அவளுடைய தாய், தந்தை என்றே பொருள்பட்டன. ஆகவே "என்" என்றும் "உன்" என்றும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. எனது, உனது என்னும் வேலி அந்தச் சொல்லுக்குள்ளேயே போடப்பட்டிருக்கிறது. இந்த நுட்பத்தை அறியாதவர்க்கு முதலிரண்டு அடிகளின் பாதி அழகு போய்விடும்.

அடுத்து "உம்" என்னும் இடைச்சொல்லை எண்ணுங்கள். முதல் மூன்று அடிகளிலும் அடிக்கு இரண்டாக ஆறு உம்மைகள் வருகின்றன. இதற்கு எண்ணும்மை என்று பெயர். வெவ்வேறான பொருள்களை ஒவ்வொன்றாய் எண்ணும்போதுதான் அது வரும். உப்பும் புளியும் என்கிறோம். இரண்டும் இரண்டு பொருள். இந்த ஆறு உம்மைகளும் என் பக்கம், உன் பக்கம் என்று பிரித்துப் பிரித்து எண்ணுகின்றன.

இப்பொழுது நான்காம் ஐந்தாம் அடிகளைப் பாருங்கள். உம்மை ஒன்றேனும் இருக்கிறதா? இல்லை. "என்" உண்டா? "உன்" உண்டா? அவையும் இல்லை. "என் நெஞ்சமும் உன் நெஞ்சமும்" என்று சொல்லியிருக்கலாம். முன் மூன்று அடிகளின் அமைப்புக்கு அது பொருத்தமாகவே இருந்திருக்கும். புலவர் அப்படிச் செய்யவில்லை. அன்புடைய நெஞ்சம் என்று சொல்லி நிறுத்திவிட்டார். எது அவனுடையது, எது அவளுடையது என்று பிரிக்க முடியாது. கலந்தது என்று பாட்டு வாயால் சொல்லுவதற்கு முன்பே, பாட்டின் இலக்கணத்திலே கலப்பு நடந்துவிட்டது. என் கருத்தில் இப்பாட்டின் உயிர்நிலை இதுவே.

இன்னும் ஒன்று. மூன்றாம் அடி நான், நீ என்று இருவரைப் பிரித்துச் சொன்னாலும், அதன் வினைமுற்று தன்மைப் பன்மை. அறிதும் என்றால் நாம் அறிவோம் என்று பொருள். "நாம்" என்பது அங்கேயே மெல்ல நுழைந்துவிட்டது. மேகம் வந்து கவிந்துவிட்டது. மழை இன்னும் விழவில்லை.

கடைசி வினைமுற்றையும் பார்ப்போம். கலந்தன என்பது பலவின்பால். நெஞ்சங்கள் இரண்டாகவே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை. அது இறந்தகாலமும் ஆகும். "உன்னைப் பிரியேன், கைவிடேன்" என்று அவன் வருங்காலத்தில் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. ஐந்து அடியிலும் ஒரு சத்தியம்கூடக் கிடையாது. நடந்து முடிந்த ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறான். அதுவும் "நாம் கலந்தோம்" என்னாமல், நெஞ்சங்கள் தாமே கலந்தன என்கிறான். யாரும் கலக்கவில்லை, யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்பது குறிப்பு.

5. உவமையைச் சோதித்தல்

உவமைக்கு அடிப்படை நான்கு என்று தொல்காப்பியர் உவமவியலில் வகுத்தார். வினை, பயன், மெய், உரு என்பன அவை. செயலால் ஒத்திருக்கலாம், விளைவால் ஒத்திருக்கலாம், வடிவால் ஒத்திருக்கலாம், நிறத்தால் ஒத்திருக்கலாம். எந்தக் கவிதையிலும் ஓர் உவமையைக் கண்டால் இந்த நான்கு உரைகற்களிலும் உரைத்துப் பாருங்கள். நல்ல பயிற்சி.

வினை: மழை விழுகிறது, மண் ஏற்கிறது, இரண்டும் கலக்கின்றன. நெஞ்சங்களும் கலக்கின்றன. இங்கே ஒப்புமை வெளிப்படை.

உரு: மழைநீருக்குத் தனி நிறம் இல்லை. செம்மண்ணின் சிவப்பு அதிலுள்ள இரும்புத் துருவினால் வருவது. விழுந்த கணத்திலேயே நீர் அந்தச் சிவப்பை ஏற்றுக்கொள்ளுகிறது. கறுப்பு மண்ணிலும் வெண்மணலிலும் மழை பெய்யாமலில்லை. ஆனால் நீர் தன் நிறம் மாறி நிற்பதைச் செம்மண்ணிலே கண் நன்றாய்க் காண்கிறது. செம்மை என்ற சொல்லுக்குச் சிவப்பு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் இருப்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

பயன்: உலர்ந்த மண் இளகுகிறது, விதை முளைக்கிறது. பாட்டு இதனை வாயால் சொல்லவில்லை. ஆயினும் நிலத்தில் மழை என்று சொன்ன உடனே உழவன் மனத்தில் எழுவது இதுதானே!

மெய்: வடிவ ஒப்புமை இங்கே இல்லை. நெஞ்சத்துக்கு வடிவம் ஏது? நான்கில் மூன்று பொருந்துவதே பெரிது.

6. ஒரு தடையும் விடையும்

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் எழுந்து ஒரு தடை சொல்லக்கூடும். "கலங்கிய செந்நீரைக் குடத்தில் எடுத்து வைத்தால் மண் அடியில் தங்கிவிடுகிறது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்தால் இன்னும் விரைவில் நீர் தெளிந்துவிடும். அப்படியிருக்க, பிரிக்க முடியாத கலப்புக்கு இதை எப்படி உவமை சொல்லலாம்?"

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, புலவர் குடத்து நீரைச் சொல்லவில்லை. நிலத்தில் பெய்கிற நீரைச் சொன்னார். நிலத்திலே விழுந்து உள்ளிறங்கிய மழையை யார் திரும்ப அள்ள முடியும்?

இரண்டாவது விடைதான் முக்கியமானது. பிரிக்க முடியாமை என்பது இந்த உவமையின் ஒரு பகுதியே. மூன்று கேள்விகளையும் நினைவில் கொண்டுவாருங்கள். அவை மூன்றும் பூர்வீகத்தைப் பற்றிய கேள்விகள்: தாய் யார், தகப்பன் யார், முன்னறிவு என்ன? இப்பொழுது மழையையும் மண்ணையும் பார்த்து இந்த மூன்றையும் கேளுங்கள். மழை வானத்தில் உண்டாயிற்று; மண் பூமியில் கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரே தாய் இல்லை. இரண்டும் ஒரு குலத்தில் பிறந்தவை அல்ல. இந்த மேகம் இந்த நிலத்தை முன்பு கண்டதும் இல்லை. ஆயினும் கலந்தன. அந்நியர் கலந்ததற்கு உலகத்திலேயே மிகவும் சாதாரணமான, கண்கண்ட சாட்சி அதுதான்.

தலைவன் ஏன் உறவில்லை என்பதை முதலில் நிலைநாட்டினான் என்பது இப்பொழுது விளங்கும். உறவினால் வந்த பிணைப்பு, உறவு முறிந்தால் முறியும். சொத்தினால் வந்தது சொத்தோடு போகும். இவர்களை இணைத்தது இவை ஒன்றுமில்லை. ஆகவே இவை ஒன்றும் இவர்களைப் பிரிக்கவும் மாட்டா. கேள்விகள் மூன்றும் தர்க்கம்; உவமை அதன் முடிவு. கேள்விகளை எடுத்துவிட்டால் உவமை வெறும் அலங்காரமாகிவிடும்.

7. தலைவியின் பக்கம்

இவ்வளவும் தலைவன் சொன்னது. அவள் அச்சம் தீர்ந்ததா? பாட்டு அதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. ஆகையால் அதே குறுந்தொகையில் இருபத்தைந்தாம் பாட்டையும் சேர்த்துப் படிக்கும்படி சொல்லுகிறேன். பாடியவர் கபிலர். அதுவும் குறிஞ்சித் திணை. அதுவும் ஐந்து அடி. அதிலும் நான்காம் அடி முச்சீர். அச்சிலே ஒன்றாயிருக்கும் இரண்டு பாட்டுகள். ஆனால் இதிலே பேசுகிறவள் தலைவி.

அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் அங்கில்லை, அந்தக் கள்வன் ஒருவனே இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அவள் கலங்குகிறாள். இருந்தது ஒரு குருகு மட்டும். தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரிலே ஆரல் மீன் வருமா என்று பார்த்து நின்றது. அது சாட்சி சொல்ல வருமா? அதற்கு அதன் இரையிலே கண்.

இரண்டு பாட்டிலும் நீர் இருக்கிறது. தலைவன் கண்ட நீர் விழுந்து மண்ணோடு கலந்த நீர். தலைவி கண்ட நீர் நில்லாமல் ஓடுகிற நீர். அவன் சொல்லும் நீர் உவமையாக வருகிறது. அவள் சொல்லும் நீர் உண்மையாகவே அங்கே ஓடுகிறது. ஒரே யாப்பு, ஒரே திணை, ஒரே நிகழ்ச்சி. நீர் மட்டும் வேறு. நம்பிக்கையின் குரலும் அச்சத்தின் குரலும் ஒரே அளவுள்ள பாத்திரத்தில் ஊற்றப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் படித்து மற்றொன்றை விட்டால் அரைப்பாடம்தான் படித்தவர்களாவோம்.

அவள் அச்சம் வீண் அச்சமன்று என்பதைத் தொல்காப்பியரும் அறிந்திருந்தார். மக்களிடையே பொய்யும் தவறும் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணச் சடங்கை ஏற்படுத்தினர் என்று கற்பியலில் சொல்லுகிறார். 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கமும் இதே கவலையினால், பங்குக் குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் இல்லாமல் நடக்கும் இரகசிய மணங்கள் செல்லாது என்று விதித்தது. மனைவியைக் கொண்ட ஒருவன் அவளைக் கைவிட்டு, வேறொருத்தியை வெளிப்படையாய் மணந்துகொள்ளும் கொடுமை அந்நாளில் நடந்துவந்தது. எங்கோ கிடக்கும் இரண்டு நாடுகள். நடுவிலே எத்தனையோ நூற்றாண்டுகள். ஆனால் இரண்டும் அந்தக் குருகினிடத்திலே நிற்க ஒரு மனிதச் சாட்சியைத் தேடின.

8. நமக்கு என்ன?

இனி அந்தக் கலியாணப் பத்திரிகைக்கு வருவோம். தலைப்பிலே இந்தப் பாட்டு. அதற்குக் கீழே இன்னார் பேரன், இன்னார் பேத்தி, இன்ன ஊர், இன்ன குடும்பம் என்று வரிசை. பெற்றோர் பெயரும் ஊரும் போடுவதிலே குற்றமொன்றுமில்லை. கோயிலிலே ஓலை வாசிக்கும்போது நானும் அவற்றைத்தான் வாசிக்கிறேன். மணத்துக்குத் தடை உண்டா என்று அறிய அது தேவை.

ஆனால் அந்தப் பத்திரிகை அச்சாவதற்கு முன்னே அந்த வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு என்ன? "அவர்கள் எந்த ஆட்கள்? நமக்கு என்ன முறை? அவர்கள் வீட்டில் நாம் கை நனைக்கலாமா?" இந்தக் கேள்விகளுக்குச் சரியான விடை கிடைக்கவில்லை என்பதற்காகவே, மனமொத்த எத்தனை பிள்ளைகள் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள்! ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிறவர்கள் ஒரே பந்தியில் சம்பந்தம் செய்யத் தயங்குகிறார்கள். செம்புலப்பெயல்நீரார் கேட்ட அதே கேள்விகள்தாம். அவர் அவற்றைக் கேட்டது, விடை இல்லாவிட்டாலும் அன்பு நிற்கும் என்று காட்ட. நாம் கேட்பதோ, விடை இல்லாவிட்டால் அன்பை நிறுத்திவிட. மகளுடைய விருப்பத்தை இந்தக் கேள்விகளைக் கொண்டு மறுத்த வீட்டார், மகனுடைய பத்திரிகையிலே இந்தப் பாட்டை அச்சிடுவது பொருந்துமா என்று அவர்களே யோசிக்கட்டும்.

இளைஞருக்கும் ஒரு சொல். இந்தப் பாட்டை ஒரு பெண்ணிடம் சொல்லுவது எளிது. ஐந்தே அடி, உடனே மனப்பாடமாகிவிடும். இருபத்தைந்தாம் பாட்டையும் மனப்பாடம் செய்தவனே நாற்பதாம் பாட்டைச் சொல்லத் தகுந்தவன். "கலந்தன" என்று இறந்தகாலத்தில் சொன்ன சொல்லுக்கு, வாழ்நாளெல்லாம் நிகழ்காலத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் நாம் சாட்சிகளை அழைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம். பாட்டு பொய் என்பதற்காக அன்று. பாட்டு மெய்யாக வேண்டும் என்பதற்காக.

பயிற்சி வினாக்கள்

1. நாற்பதாம் பாட்டை அசை பிரித்து அலகிடுக. அடிதோறும் கடைசிச் சீர் என்ன வாய்பாடு என்று வரிசையாக எழுதிப் பார்க்க. அதிலே ஓர் ஒழுங்கு தென்படும், அதனைக் கண்டுபிடிக்க.

2. "என் நெஞ்சமும் உன் நெஞ்சமும்" என்று கடைசி அடி இருந்திருந்தால் பாட்டு எதனை இழந்திருக்கும்? உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுக.

3. இருபத்தைந்தாம் பாட்டிலே குருகின் காலுக்குத் தினைத்தாள் உவமையாய் வருகிறது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கில் எவை அங்கே பொருந்துகின்றன? நாற்பதாம் பாட்டின் உவமையோடு ஒப்பிடுக.

4. மூன்று கேள்விகளின் வரிசையை மாற்றி, நானும் நீயும் என்பதை முதலிலும், தாய் தந்தையரைப் பின்னும் வைத்தால் என்ன நேரும்?

விடை எழுதிக் கொண்டுவருகிறவர்கள் ஞாயிறு பூசைக்குப் பின் அறைவீட்டுக்கு வரலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிக் கொண்டுவந்தால் இன்னும் நலம்.